டிசம்பரில் டெல்லி: மூச்சு வாங்காமல் ஐந்து நாள்

நெஞ்சக நோய் வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊர் மலேசியாவின் கிள்ளான். பேரப்பிள்ளைகளோடு இரண்டு முறை டெல்லி போய் வந்திருக்கிறேன். பள்ளி விடுமுறைக்கு டிக்கெட் எடுத்தவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

செந்தூல்: மிஸ்ஸி, டிசம்பரில் டெல்லி, ஆக்ரா ஐந்து நாள். பிள்ளைகளுக்கு 11 வயது, 8 வயது. டிக்கெட் எடுத்த பிறகுதான் டெல்லி காற்று மாசு பற்றிய செய்தி பார்த்தேன். ரத்து செய்துவிடலாமா?

வேண்டாம்மா. யாருக்கும் இளைப்போ (ஆஸ்துமா) இருதயக் கோளாறோ இல்லையென்றால் ஐந்து நாளில் பெரும்பாலும் தொண்டைக் கரகரப்பு, கண் எரிச்சல், கொஞ்சம் இருமல், அவ்வளவுதான். அங்கேயே வளரும் பிள்ளைகளின் நுரையீரல் படும் பாடு வேறு கதை. ஆனால் அடுத்த முறை கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். அக்டோபர், நவம்பரில் பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல்தாளைக் கொளுத்துவார்கள், தீபாவளி வெடியும் சேர்ந்துகொள்ளும். டிசம்பரில் அந்த நெருப்பு அணைந்திருந்தாலும், குளிர் சட்டிக்கு மூடி போட்டதுபோல் வண்டிப் புகையையும் தூசியையும் தரையோடு அமுக்கி வைத்துவிடும். காற்று கழுவிவிட்டதுபோல் இருப்பது மழைக்காலத்தில், அதாவது ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. குளிரும் வேண்டாம், மழையும் வேண்டாம் என்றால் மார்ச்.

ஷா ஆலாம்: 2019 புகைமூட்டத்தில் ஐபியு (நம் காற்று மாசுக் குறியீடு) 200 தாண்டியதும் இங்கே பள்ளிகளை மூடினார்கள். டெல்லியில் 300 என்றாலும் சும்மா இருக்கிறார்களே?

இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை. நம் ஐபியுவில் 101 வந்தாலே ஆரோக்கியமற்றது, 300 தாண்டினால் அபாயம். இந்தியாவில் 101 முதல் 200 வரை 'மிதமானது'. 401 வந்தால்தான் 'கடுமை'. அதனால் பிஎம் 2.5, அதாவது நுரையீரலுக்குள் இறங்கும் நுண்தூசி, ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்று மட்டும் பாருங்கள். ஒரு நாள் சராசரி 15ஐத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. இந்தியாவின் வரம்பு 60. டெல்லிக் குளிர்காலத்தில் 200 போவது அபூர்வமில்லை. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்தில் ஐபியு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்தார்களே, நினைவிருக்கிறதா? அந்த வாரம் எங்கள் வார்டில் நெபுலைசருக்கு (மருந்தைப் புகைபோல் மூச்சில் ஏற்றும் கருவி) வரிசை நின்றது.

பூச்சோங்: விடியற்காலை 5 மணிக்கு ஆக்ராவுக்குக் கார் என்று ஏஜெண்ட் போட்டிருக்கிறார். சரியா, அக்கா?

உடனே மாற்றச் சொல்லுங்கள். மாசு அதிகம் தேங்கி நிற்பது இரவிலும் விடியலிலும்தான். வெயில் ஏறினால் அந்த மூடி கொஞ்சம் திறக்கும். பகல் ஒன்றிலிருந்து நான்கு வரை ஓரளவு பரவாயில்லை. அதோடு யமுனை விரைவுச்சாலை 165 கிலோமீட்டர், டிசம்பர் விடியலில் முழுக்க மூடுபனி. முதல் முறை நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, ரோட்டுக் கோட்டைத் தேடிக்கொண்டே ஓட்டினார். எனக்குக் கந்தசஷ்டி கவசம் தானாக வாயில் வந்தது. போய்ச் சேர்ந்தால் தாஜ்மகால் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத்திரை. பேத்தி மாஸ்க்கைக் கழற்றினாள்: உள்பக்கம் வெள்ளை, வெளிப்பக்கம் மூக்குக்கு நேரே சாம்பல் வட்டம்.

இரண்டாம் முறை காலை பத்துக்கு மேல் கிளம்பி, ஆக்ராவில் ஒரு இரவு தங்கி, மறுநாள் மதியம் பார்த்தோம். தாஜ்மகால் பளிச்சென்று இருந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், தாஜ்மகால் மூடியிருக்கும்.

செலாயாங்: மகனுக்கு 6 வயது, இளைப்பு உண்டு. என்95 மாஸ்க் போட்டால் போதுமா?

போதாது. என்95 பெரியவர் முகத்துக்குச் செய்தது; சின்ன முகத்தில் கன்னத்தோரம் இடைவெளி விடும். பிள்ளைகள் அளவு கேஎஃப்94 மாஸ்க் வாங்கி, வீட்டிலேயே ஒரு மணி நேரம் போட்டுப் பழக்குங்கள். (தாடி வைத்த அப்பாக்களுக்கும் என்95 ஒட்டாது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.) அதற்கு முன் டாக்டரைப் பாருங்கள். தினசரித் தடுப்பு இன்ஹேலர் கொடுத்திருந்தால் ஒருநாளும் விடக்கூடாது. இளைப்பு வந்ததும் இழுக்கும் நீல இன்ஹேலரும், அதோடு பொருத்தும் குழாயான ஸ்பேசரும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போடாதீர்கள். இப்போதே வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் நீலம் தேவைப்படுகிறதா? சமீபத்தில் நெபுலைசர் வைத்தார்களா? அப்படியென்றால் டிக்கெட் காசு போனால் போகட்டும், மாற்றிவிடுங்கள். அங்கே மூச்சு வாங்கிப் பேச்சு வராமல், விலா உள்ளே இழுத்தால் நீல மருந்தைக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஓட்டலில் வைத்து வேடிக்கை பார்க்காதீர்கள்.

கெப்போங்: ஓட்டல் அறையில் ஏசி போட்டால் காற்று சுத்தமாகிவிடுமா?

ஆகாது. ஏசி நுண்தூசியைப் பிடிக்காது. ஹெப்பா வடிகட்டி வைத்த சுத்திகரிப்பான் அறைக்குள் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு "உண்டு, உண்டு" என்றார்கள். போய்ப் பார்த்தால் வரவேற்பறையில் ஒன்றே ஒன்று நின்றது.

பிரிக்பீல்ட்ஸ்: அம்மாவுக்கு 68 வயது. டெல்லி ஆர்.கே.புரம் மலை மந்திர் கோயில் முருகனைப் பார்க்க ஆசைப்படுகிறார்.

கூட்டிப்போங்கள். பத்துமலையில் 272 படி ஏறுகிறவர் என்றால் அந்தச் சின்னக் குன்று பெரிதில்லை. மதியம் நடை சாத்துவார்கள், அதனால் நேரம் கேட்டுக்கொண்டு முற்பகலில் வெயில் வந்தபின் போங்கள். மாஸ்க்கோடு கும்பிட்டால் முருகன் ஒன்றும் சொல்ல மாட்டார்.