“வெள்ளிதானே, போலி இல்லையே!” – ஆன்லைன் ஏலத்தில் வாங்கிய காசுக்கு ரீஃபண்ட் கிடைக்குமா?

கேள்வி: கும்பகோணத்தில் இருக்கிறேன். பழைய காசு சேர்ப்பது 20 வருஷப் பழக்கம். ஆன்லைன் ஏலத் தளம் ஒன்றில், ‘1911 ஐந்தாம் ஜார்ஜ் ஒரு ரூபாய், ஒரிஜினல்’ என்று போட்டிருந்த காசை 14,200 ரூபாய்க்கு ஏலம் எடுத்தேன். ஏலம் முடிந்ததும் விற்பவர் போன் செய்து, “தளத்தில் கட்டினால் கமிஷன் போகும். எனக்கு நேரடியாக யுபிஐ-யில் போடுங்கள், 500 குறைத்துக்கொள்கிறேன்” என்றார். போட்டுவிட்டேன். காசு வந்த மூன்றாம் நாள் தெரிந்த பத்தர் லென்ஸில் பார்த்து, கடைசி எண்ணை அரத்தால் ராவி மாற்றியிருக்கிறார்கள் என்றார். அன்றே விற்பவருக்கு வாட்ஸப்பில் சொன்னேன். “வெள்ளிதானே, எடை சரியாகத்தானே இருக்கிறது? விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை என்று முதலிலேயே போட்டிருக்கிறேன்” என்கிறார். வற்புறுத்தியதும், “காசை முதலில் அனுப்புங்கள், பார்க்கலாம்” என்றார். தளத்தைக் கேட்டால், “பணம் எங்கள் வழியாக வரவில்லை” என்று கைகழுவுகிறார்கள். என்னோடு கடைசிவரை போட்டி போட்ட ஐடி, இவருடைய ஏலங்களில் எல்லாம் இருக்கிறது. ஆள் ஜெய்ப்பூர். விலை ஏறினால் பிறகு விற்கலாம் என்றுதான் வாங்கினேன். என்ன செய்வது?

பதில்: உங்கள் வழக்கு அந்த ஒரு எண்ணில் நிற்கிறது என்பதால் முதலில் காசைப் பற்றி. 1911 ரூபாயில் அரசரின் அங்கியில் உள்ள யானைக்குத் தும்பிக்கை குட்டை. பார்க்கப் பன்றி போல இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, காசைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். 1912 காசில் யானையைத் திருத்திவிட்டார்கள். ‘பன்றி ரூபாய்’க்கு இன்று இருக்கும் மவுசு அதனால் வந்தது. இரண்டு காசுக்கும் எடை ஒன்றே, 11.66 கிராம். வெள்ளியும் ஒன்றே. ஆகவே தராசு எதையும் காட்டிக்கொடுக்காது. உங்கள் காசில் யானையின் தும்பிக்கை நீளமாகத் தெரிந்தால் அது 1912 அல்லது அதற்குப் பிந்தைய காசு. எண்ணை மாற்றியவர் யானையை மாற்ற முடியாது.

“வெள்ளிதானே” என்ற வாதத்துக்கு 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 15-ஆம் பிரிவில் பதில் வைத்திருக்கிறது. விவரணை சொல்லி விற்ற பொருள் அந்த விவரணைக்குப் பொருந்தியே ஆக வேண்டும். நீங்கள் வாங்கியது 11.66 கிராம் வெள்ளி அல்ல, 1911-ஆம் ஆண்டுக் காசு. விற்றவரே வேறு யாரிடமோ ஏமாந்து வாங்கியிருந்தாலும் இந்தப் பிரிவுக்குக் கவலையில்லை. அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. போலீஸில் மோசடிப் புகார் கொடுத்தால் அந்த எண்ணத்தை நிரூபிக்க வேண்டிவரும். அதனால்தான், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு இருந்தாலும், அதை நான் முதல் வழியாகச் சொல்லவில்லை. ஸ்டேஷனில் “இது சிவில் மேட்டர் சார்” என்று அனுப்பிவிடவும் கூடும்.

‘திரும்ப எடுப்பதில்லை’ என்ற வரியைப் பார்த்துப் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். மனம் மாறித் திருப்புகிறவரிடம் அந்த வரி செல்லும். சொன்னது ஒன்று, அனுப்பியது வேறு என்றால், 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளில் 6-ஆம் விதி குறுக்கே நிற்கிறது: விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது.

ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. வீட்டில் கிடந்த ஒன்றிரண்டு காசை எப்போதோ ஒருமுறை விற்கும் தனிநபரை அந்த விதிகள் கட்டுப்படுத்தாது. அவர் தொடர்ந்து வியாபாரமாகச் செய்கிறாரா என்பதே கேள்வி. அவருடைய பக்கத்துக்குப் போய், இதுவரை எத்தனை ஏலம் விட்டார், எத்தனை ரேட்டிங் வாங்கினார் என்பதை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நாளைக்குப் பக்கம் இருக்காது. வியாபாரி இல்லை என்று ஆகிவிட்டாலும் 15-ஆம் பிரிவு உங்களை விட்டுப் போகாது. நுகர்வோர் ஆணையத்துக்குப் பதில் சிவில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான். 13,700 ரூபாய்க்கு அது கட்டுபடியாகுமா என்பது வேறு கதை.

இன்னொரு முடிச்சை நீங்களே போட்டிருக்கிறீர்கள். ‘விலை ஏறினால் விற்கலாம்’ என்று எழுதுகிறீர்களே! 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு, மறுவிற்பனைக்காக வாங்குபவரை நுகர்வோர் கணக்கில் சேர்ப்பதில்லை. 20 வருஷமாகச் சேர்க்கிறீர்கள். இதுவரை எத்தனை விற்றீர்கள்? ஒன்றுமில்லை என்றால் நீங்கள் சேகரிப்பாளர்தான், அதை அப்படியே சொல்லலாம். மாதாமாதம் வாங்கி விற்பவர் என்றால் ஆணையத்தில் தடுமாறுவீர்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை, உண்மை எதுவோ அதை வைத்து முடிவெடுங்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் 2009-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் சண்டிகர் நிர்வாகம் – அமர்ஜித் சிங் தீர்ப்பை நீட்டுவார். ‘ஏலத்தில் எடுத்தவர் நுகர்வோர் அல்ல’ என்பார். மிரள வேண்டாம். அது பொது ஏலத்தில் மனை எடுத்தவர்களின் வழக்கு. மனை விற்பனையில் சேவை எதுவும் இல்லை என்பதே அங்கே அடிப்படை. உங்களுடையது வியாபாரி விற்ற சரக்கு.

யுபிஐ விஷயத்தில் கொஞ்சம் திட்டத்தான் வேண்டும். 500 ரூபாய்க்கு ஆசைப்பட்டு, பிடிமானமாக இருந்த ஒரே கயிற்றை அறுத்துவிட்டீர்கள். தளத்தின் வழியாகவோ கிரெடிட் கார்டிலோ கட்டியிருந்தால் பணத்தை நிறுத்திவைக்கவோ, வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது) கேட்கவோ வழி இருந்தது. நீங்களே பின் எண் போட்டு அனுப்பிய பணத்தை, பொருள் சரியில்லை என்பதற்காக வங்கி திருப்பித் தராது. ஆனாலும் ஒப்பந்தம் பணம் கட்டியபோது பிறக்கவில்லை, ஏலம் முடிந்தபோதே பிறந்துவிட்டது. சுத்தியல் விழுந்தோ வழக்கமான வேறு முறையிலோ முடிவு அறிவிக்கப்பட்டதும் ஏல விற்பனை பூர்த்தி என்கிறது சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு. ஆன்லைனில் கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டதுதான் சுத்தியல். எனவே ஏலப் பக்கத்தில் இருந்த விவரணை விற்றவரைக் கட்டுப்படுத்தும்.

தளத்திடம் பணத்தைக் கேட்டுச் சண்டை போடுவதை விட, அவர்களிடம் இருக்கும் தகவலைக் கேளுங்கள். அவர்களுடைய குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது விதி. எழுத்தில் கேட்டால் விற்றவரின் முகவரி உள்ளிட்ட விவரங்களையும் தர வேண்டும். ஜெய்ப்பூரில் எந்தத் தெரு என்று தெரியாமல் நோட்டீஸ் எங்கே அனுப்புவீர்கள்? அதே கடிதத்தில் அந்தச் சந்தேக ஐடி ஏலம் கேட்ட விவரங்களை அழிக்காமல் வைத்திருக்கும்படியும் கேளுங்கள். ஆள் வைத்து விலை ஏற்றியது நிரூபணமானால், 64(6)-இன்படி விற்பனையை ரத்து செய்யும் உரிமை உங்களுடையது. ஆனால் இதை நிரூபிப்பது கடினம். எண் மாறிய வாதத்தையே முன்னால் வையுங்கள்.

காசை அனுப்பவே அனுப்பாதீர்கள். நிராகரித்த பொருளைத் திருப்பி அனுப்பும் கடமை வாங்கியவருக்கு இல்லை, நிராகரித்ததாகத் தெரிவித்தால் போதும் என்கிறது அதே சரக்கு விற்பனைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு. மூன்றாம் நாளே தெரிவித்தது நல்ல காரியம். மாதக்கணக்கில் சும்மா இருந்திருந்தால் ஏற்றுக்கொண்டதாக ஆகியிருக்கும். அந்த வாட்ஸப் பேச்சை அழிக்காமல், போனையும் மாற்றாமல் இருங்கள். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணு ஆவணச் சான்றோடு தாக்கல் செய்ய அது வேண்டும்.

அடுத்து, 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்துவிடுங்கள்; செலவில்லை. அசையவில்லை என்றால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதால் நீங்கள் ஜெய்ப்பூர் போக வேண்டாம், அவர்தான் இங்கே பதில் சொல்ல வேண்டும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். 2 வருஷத்துக்குள் போட வேண்டும். பத்தர் வாயால் சொன்னது போதாது. காசு ஆய்வில் பழக்கமுள்ள ஒருவரிடம், பெரிதாக்கிய படங்களோடு எழுத்தில் கருத்து வாங்கி இணையுங்கள்.

கேட்கும் தொகையில் நிதானம் தேவை. 13,700, அதற்கு வட்டி, செலவு, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை. 5 லட்சம் இழப்பீடு என்று எழுதினால் மனுவின் மரியாதை போய்விடும். நோட்டீஸ் கண்டதும் அவர் முழுப் பணத்தையும் தர முன்வந்தால், வட்டிக்காகப் பிடிவாதம் பிடிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகு காசை அவர் செலவில் அனுப்பினால் போதும். அதுவரை அதைப் பாலிஷ் போட எடுக்காதீர்கள். அரம் பட்ட கீறல் அதில் அப்படியே இருக்க வேண்டும்.