அறப்போராட்டத்தைப் பற்றி எழுதும்போது உணர்ச்சியை எங்கே வைப்பது?

அடக்குமுறைக்கு எதிரான அறப்போராட்டத்தை வாசகர் மனத்தில் தைக்கும்படி எழுதுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். 1930 மே 21 அன்று குஜராத்தின் தராசனா உப்பளத்தில் நடந்த தடியடியை அமெரிக்கச் செய்தியாளர் வெப் மில்லர் எழுதிய விதத்தைப் பாருங்கள். உப்புச் சத்தியாகிரகத் தொண்டர்கள் வரிசை வரிசையாக முன்னேறினார்கள். அடியைத் தடுக்க ஒருவர்கூடக் கை உயர்த்தவில்லை. மண்டையில் தடி விழும் சத்தத்தையும், பார்த்து நின்ற கூட்டம் மூச்சை உள்ளிழுத்ததையும் எழுதினார். தற்காலிக மருத்துவக் கொட்டகையில் எண்ணிப் பார்த்து 320 பேர் காயம், 2 பேர் மரணம் என்று கணக்கும் கொடுத்தார்.

இங்கே வேலை செய்வது வினைச்சொல், ஓசை, எண். எழுதி முடித்ததும் ‘கொடூரமான’, ‘நெஞ்சை உருக்கும்’ போன்ற அடைமொழிகளை அடித்துவிட்டுப் படியுங்கள். காட்சி சப்பென்று போனால் தகவல் போதவில்லை என்று அர்த்தம். ஆச்சரியக்குறி அதை ஈடுகட்டாது.

பலர் சறுக்குவது இரக்கத்தில். அடிபட்டவரை வெறும் அப்பாவியாகக் காட்டினால், அடி விழும் என்று தெரிந்தே அவர் நடந்தார் என்பது மறைந்துபோகும். அந்த முடிவை முதலில் சொல்லுங்கள், காயத்தைப் பிறகு. கோரிக்கையையும் (இங்கே உப்பு வரியை நீக்குவது) ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் கண்ணீர் எதற்கென்றே தெரியாது.

காவலரை மிருகம் என்று திட்டாதீர்கள். எதிராளியின் மனசாட்சியையும் தொடுவதுதானே சத்தியாகிரகத்தின் வழி. எண்ணிக்கையை ஊதினால் இன்னும் மோசம்: ஒரு பொய் பிடிபட்டால் மீதி உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.