அகௌஸ்டிக் பேண்டில் ஆளுக்கொரு இசைப் பின்னணி இருந்தால் எப்படிச் சேர்ந்து வாசிப்பது?

கேட்டவரின் குழுவில் ஐந்து பேர். கர்நாடக சங்கீதம் படித்த பாடகி, அதே மரபில் வயலின், கேள்வி ஞானத்தில் கிதார், மிருதங்கம் படித்துவிட்டு கஹோன் (பெட்டி வடிவத் தாளக் கருவி) அடிப்பவர், சர்ச் கொயரில் பாடிப் பழகிய இரண்டாவது குரல். தனித்தனியாக எல்லோரும் நன்றாகச் செய்கிறார்கள், சேர்ந்தால் கலைந்துபோகிறது என்கிறார்.

இதை ரசனை வேறுபாடு என்று நினைத்துப் பாட்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் அதிகம். பாட்டை மாற்றிப் பயனில்லை. ஒவ்வொரு பயிற்சியும் காதுக்கு ஒரு பிடிமானத்தைக் கொடுத்திருக்கிறது. பாடகிக்கு அது சட்ஜம் (ஆதார ஸ்வரமான ச), கிதாருக்குக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்), மிருதங்கத்துக்குச் சமம் (தாளச் சுற்று தொடங்கும் இடம்), கொயர்க்காரருக்குப் பக்கத்துக் குரல். தடுமாறும் நொடியில் ஆளாளுக்குத் தன் பிடிமானத்தை நோக்கி ஓடுகிறார்கள். எங்கே யாருடைய பிடிமானம் முந்த வேண்டும் என்பதைத்தான் ஒத்திகையில் முடிவு செய்ய வேண்டும்.

சுருதியிலிருந்து தொடங்குங்கள். கர்நாடகப் பாடகி பெரும்பாலான பாட்டுகளைத் தன் கட்டையில்தான் (தன் குரலுக்குப் பொருந்திய சுருதி) பாடுவார். மற்றவர்கள் பாட்டுக்குப் பாட்டு ஸ்கேல் மாற்றிப் பழகியவர்கள். இங்கே அதிகம் அடிபடுவது வயலின். அவருடைய நான்கு தந்திகளும் ச-ப-ச-ப என்று பாடகியின் சுருதிக்குச் சேர்த்தவை. ஸ்கேல் மாறினால் விரல் வைப்பு முழுவதும் மாறும். பிரடையைத் திருகிச் சேர்த்தாலும் தந்தி உடனே நிலைக்காது, அடுத்த பாட்டின் நடுவில் இறங்கும்.

நான் சொல்லும் வழி: மொத்த நிகழ்ச்சிக்கும் இரண்டே சட்ஜம். ஒன்று பாடகியின் கட்டை, இன்னொன்று அதன் மத்திமம், அதாவது ம-வையே ச-வாக வைத்துக்கொள்வது. மேல் ஸ்தாயிக்கு அதிகம் போகாத பாட்டுகளை மத்திம சுருதியில் பாடுவது கர்நாடக சங்கீதத்தில் ஏற்கெனவே உள்ள பழக்கம், வயலின்காரர் தந்தியைத் தொடாமலே வாசிப்பார். பாடகி 5 கட்டை என்றால் சட்ஜம் ஜி, மத்திமம் சி. இரண்டும் கிதாருக்கு எளிது. ஐந்தரை என்றால் முதல் ஃப்ரெட்டில் (கிதார் கழுத்தின் குறுக்குக் கம்பி) கேப்போ (தந்திகளை மொத்தமாக அழுத்தும் கவ்வி) போட்டு அதே ஜி, சி கார்டுகளைப் பிடிக்கலாம். ஆறரை என்றால் மூன்றாவது ஃப்ரெட். கேப்போ போட்டதும் தந்தி கொஞ்சம் ஏறிவிடும், மறுபடி டியூனரில் பாருங்கள். சுருதிப்பெட்டி, டியூனர் இரண்டும் ஏ என்றால் 440 ஹெர்ட்ஸ் என்ற ஒரே கணக்கில் இருக்கிறதா என்பதையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கமகமும் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) கார்டும். பாடகியும் வயலினும் கல்யாணி ராகத்தின் காந்தாரத்தை (க) அசைக்கும்போது கிதார் முழு மேஜர் கார்டு அடித்தால், அசையாத ஒரு காந்தாரம் கூடவே ஒலித்துக்கொண்டிருக்கும். இரண்டும் உரசும். பாடகி சுருதி விலகுகிறார் என்று கிதார் நினைக்கும், கிதார் அபஸ்வரம் என்று பாடகி நினைப்பார். இரண்டுமே இல்லை, கார்டிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிட்டால் போதும். வழக்கமான ஜி கார்டில் காந்தாரம் இரண்டு இடத்தில் ஒலிக்கிறது: ஐந்தாம் தந்தியின் 2-ஆம் ஃப்ரெட்டிலும், திறந்த இரண்டாம் தந்தியிலும். ஆறாம் தந்தியில் 3-ஆம் ஃப்ரெட்டை அழுத்தி, அந்த விரலின் ஓரத்தால் ஐந்தாம் தந்தியை அடக்குங்கள். நான்கும் மூன்றும் திறந்திருக்கட்டும். இரண்டிலும் ஒன்றிலும் 3-ஆம் ஃப்ரெட். இப்போது ஒலிப்பது சட்ஜமும் பஞ்சமமும் மட்டும், தம்பூரா மாதிரி. அசைவில்லாமல் நேராகப் பாடும் வரிகளில் முழுக் கார்டுக்குத் திரும்பலாம்.

1970-களில் இந்திய இசையையும் ஜாஸையும் கலந்த ஷக்தி குழுவில் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் வேறு வழி எடுத்தார். ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாக்கிய அகௌஸ்டிக் கிதாரில் தந்தியை இழுத்துக் கிதாரிலேயே கமகம் கொண்டுவந்தார். ஜாஸிலிருந்து வந்த அவரோடு வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம் என்று ஆளுக்கொரு பயிற்சி. அந்தப் பதிவுகளில் மற்றவர்களுக்குப் பக்கவாத்தியமாக வாசிக்கும்போது கிதார் எவ்வளவு குறைவாக வாசிக்கிறது என்று கவனித்துக் கேளுங்கள்.

தாளத்தில் பெரிய சிக்கல் எடுப்பு, அதாவது தாளச் சுற்றில் பாட்டு தொடங்கும் இடம். சமத்துக்கு அரை அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) தள்ளித் தொடங்கும் பாட்டில், கேள்வி ஞானக் கிதார் சொல் விழும் இடத்தில் கார்டை மாற்றும். முழுப் பாட்டும் அரை அடி நகர்ந்துவிடும். மருந்து: இடது கையால் தந்திகளை அடக்கி, வெறும் 'சக்' சத்தத்தோடு கிதார் நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) அடிக்கட்டும், பாடகி மேலே பாடட்டும். சமம் காலில் பதிந்த பிறகு கார்டைச் சேருங்கள்.

கஹோன்காரருக்கும் இங்கே வேலை உண்டு. மிருதங்கம் படித்தவர் தீர்மானம் (ஒரு சொல்லை மூன்று முறை வாசித்துச் சமத்துக்கு வரும் முத்தாய்ப்பு) வைக்காமல் இருக்க மாட்டார், வைக்கவும் வேண்டும். ஆனால் அது எங்கே தொடங்குகிறது என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆதி தாளத்தில் 8 அட்சரம், அட்சரத்துக்கு 4 மாத்திரை (உட்பிரிவு), மொத்தம் 32. 5 மாத்திரை கொண்ட 'ததிகிணதொம்' மூன்று முறை என்றால் 15. எனவே 17 மாத்திரை போன பிறகு, ஐந்தாவது அட்சரத்தின் இரண்டாவது மாத்திரையில் தொடங்கும். மூன்றாவது 'தொம்' முடிந்ததும் சமம். இதை எல்லோரும் வாயால் சொல்லிக் கைத்தாளம் போட்டுப் பழகினால், கிதார் பயந்து நிற்காது.

இரண்டாவது குரலுக்கு ஒரு குறிப்பு. கொயர்ப் பழக்கத்தில் மேலே மூன்றாம் ஸ்வரம் தானாக வரும். ச ரி க ப த மட்டுமே உள்ள மோகன ராகத்தில் அப்படிப் பாடினால் ரிஷபத்துக்கு மேலே மத்திமமும், பஞ்சமத்துக்கு மேலே நிஷாதமும் நுழைந்து ராகம் கெடும். ராகத்தில் உள்ள ஸ்வரங்களிலேயே ஒன்றைத் தாண்டிப் பாடச் சொல்லுங்கள்: ச-வுக்கு க, ரி-க்கு ப, க-வுக்கு த, ப-வுக்கு மேல் ச. கமகம் உள்ள வரிகளில் அவர் பாடாமலிருப்பதே நல்லது. நீண்டு நிற்கும் ஸ்வரங்களில் அவருடைய மூச்சுக் கட்டுப்பாடு குழுவுக்கே பலம், அங்கே அவருக்கு இடம் கொடுங்கள்.

உட்காரும் முறையையும் பாருங்கள். கர்நாடக வயலினின் தலைப்பகுதி வலது கணுக்காலில் ஊன்றியிருப்பதால்தான் இடது கை தந்தியில் தாராளமாக வழுக்கிப் போகிறது. எல்லோரும் நிற்கிறோம் என்று வயலின்காரரையும் நிற்கவைத்தால், வயலினைத் தாங்கும் வேலை அந்தக் கைக்கு வந்து ஜாரு (விரலை வழுக்கி வாசிப்பது) எல்லாம் திக்கும். அவருக்கு ஒரு தாழ்ந்த மேடை போட்டு, பாடகியின் கைத்தாளம் கண்ணில் படும்படி உட்காரவையுங்கள்.