மருத்துவர் பதில்: பாதிச் சம்பள வேலைக்குப் போகலாமா?

கேள்வி: வயது 41. 14 வருடம் ஒரே துறையில் இருந்தேன். ஆட்குறைப்பில் வேலை போய் இரண்டு மாதம் ஆகிறது. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. பாதிச் சம்பளத்துக்கு அதே துறையில் ஒரு வேலை வந்திருக்கிறது. துறை மாறவும் ஆசை, ஆனால் இத்தனை வருட உழைப்பு வீணாகுமே என்று பயம். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் தூக்கத்தைப் பார்ப்போம். விழிப்போடு சேர்ந்து, நாள் முழுக்க மனச்சோர்வும் எதிலும் பிடிப்பின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் அன்றைக்கே. தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். சோர்ந்த மனதுக்கு எல்லா வழியும் அடைபட்டதாகத்தான் தெரியும். அந்த நிலையில் துறையை முடிவு செய்யக் கூடாது.

வேலை போனால் சம்பளம் மட்டுமா போகிறது? 1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் மரியன்தாலில் ஆலை மூடி ஊரே வேலையிழந்தது. அந்த ஊரை ஆராய்ந்த சமூக உளவியலாளர் மாரி யஹோதாவும் குழுவினரும் தெருவில் போவோரைக் கூடக் கவனித்தார்கள். ஆண்களின் நடை தளர்ந்திருந்தது, அடிக்கடி நின்றார்கள். நேரம் ஏராளமாக இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோனது. ஆகவே எழும் நேரம், வெளியே போகும் நேரம், ஒருவரையாவது பார்த்துப் பேசும் நேரம் என்று நாளுக்கு ஒரு வரம்பு போடுங்கள்.

சரி, சம்பளத்துக்கு வருவோம். பாதி என்கிறீர்களே, எதில் பாதி? இப்போது இல்லாத சம்பளத்தில். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதியது இதைத்தான்: லாபம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு இழப்பு தரும் வலி பெரிது, இழப்பை நாம் அளப்பதோ பழைய இடத்திலிருந்து. இன்றைய வருமானத்தோடும் வீட்டுச் செலவோடும் வைத்துப் பாருங்கள். அந்த 14 வருடமும் எந்தப் பக்கம் போனாலும் திரும்பி வராது. மூழ்கிய செலவு என்பார்கள். கற்ற திறமை மட்டும் கூடவே வரும். புதிய துறையில் அதில் எவ்வளவு விலைபோகும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அப்புறம் ஒன்று. வேலையிழந்த பொறியாளர்களிடம் 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், தினம் 20 நிமிடம், ஐந்து நாள், வேலை போனது பற்றி மனதில் உள்ளதை எழுதியவர்களுக்குச் சீக்கிரம் வேலை கிடைத்தது. அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக வேலை கேட்டுக் கடிதம் போடவில்லை. நேர்முகத்தில் பழைய நிர்வாகத்தின் மீதான கோபம் எட்டிப் பார்ப்பது நமக்குத் தெரியாது, எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். நீங்களும் எழுதுங்கள், யாரிடமும் காட்ட வேண்டாம். அந்த வேலைக்குப் பதில் சொல்ல ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள்.