ஒரு வருட நேர்சிங் டிப்ளோமாவுக்குக் காசு கட்டலாமா?

கேள்வி: நான் டோஹாவில் வேலை செய்கிறேன். ஊர் திருக்கோவில். தங்கச்சி உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுத்து ஒரு சீ, இரண்டு எஸ் பெற்றிருக்கிறாள். தாதியாக வர வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. கல்முனைப் பக்கம் ஒரு தனியார் நிறுவனம் ஒரு வருட நேர்சிங் டிப்ளோமா நடத்துகிறது. முடித்ததும் வளைகுடாவில் வேலை எடுத்துத் தருவார்களாம். இந்த மாதத்துக்குள் முழுக்காசும் கட்டினால் கழிவு உண்டு என்கிறார்கள். கட்டலாமா? அரசாங்கப் பயிற்சி எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் சும்மா இருந்து பிள்ளையின் வயது போகிறதே என்று அம்மாவுக்குக் கவலை.

பதில்: தம்பி, இப்போதைக்குக் கட்ட வேண்டாம். முதலில் அந்த நிறுவனத்துக்கு ஒரு கோல் எடுத்து இதை மட்டும் கேளுங்கள்: "இந்தச் சான்றிதழை வைத்து இலங்கை தாதியர் பேரவையில் தாதியாகப் பதிவு செய்யலாமா? ஏற்கெனவே முடித்த ஒருவரின் பதிவுச் சான்றிதழைக் காட்ட முடியுமா?" நேரடியாகப் பதில் வராது. "நாங்கள் அரசில் பதிவு செய்த நிறுவனம்" என்பார்கள். அது பொய்யாக இருக்க வேண்டும் என்றில்லை. வியாபாரப் பெயர்ப் பதிவும் பதிவுதான், மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவும் பதிவுதான். ஆனால் அவை நிறுவனத்துக்கான பதிவுகள். உங்கள் தங்கச்சியைத் தாதியாக்குவது பேரவையின் பதிவு. ஆம் என்று சொன்னாலும் அவர்கள் வாய்ச்சொல்லோடு விடாமல் பேரவையிடமே கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

வளைகுடா வேலை என்ற பேச்சையும் நீங்கள் இருக்கிற இடத்திலேயே சோதிக்கலாம். கட்டாரில் தாதியாக வேலை செய்ய டேட்டாஃபுளோ என்ற நிறுவனம் சான்றிதழ்களை, கொடுத்த இடத்திடமே கேட்டு உறுதி செய்யும். அப்புறம் புரோமெட்ரிக் என்ற தகுதிப் பரீட்சை. சொந்த நாட்டில் தாதியாகப் பதிவு இருக்கிறதா, எத்தனை வருட வேலை அனுபவம் என்றும் பார்ப்பார்கள். அங்கே ஏதாவது ஒரு வைத்தியசாலையில் கேரளத்துத் தாதி ஒருவரைக் கண்டால், என்ன படித்து வந்தீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். ஒரு வருடச் சான்றிதழோடு வந்த ஒருவரைக்கூடச் சந்திக்க மாட்டீர்கள்.

ஒரு வருடப் படிப்பெல்லாம் வீண் என்று சொல்லவில்லை. என்விகியூ என்ற தேசிய தொழிற்தகைமையின் நான்காம் மட்டத்தில் பராமரிப்பாளர், தாதி உதவியாளர் பயிற்சிகள் இருக்கின்றன. முதியோர் பராமரிப்புக்கு ஜப்பான், இஸ்ரேல் பக்கம் போகிறவர்களுக்கு அது உதவும். நேர்மையான வேலை. ஆனால் பராமரிப்பாளர் வேலைக்கான படிப்பைத் தாதிப் படிப்பு என்ற பெயரில், தாதிப் படிப்பின் விலைக்கு விற்பதுதான் அநியாயம். அந்த வழியில் போக விரும்பினாலும், முகவரின் அனுமதிப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் விசாரித்துவிட்டே காசைத் தொட வேண்டும்.

சரி, தங்கச்சிக்கு எது பொருத்தம்?

பட்டப்படிப்பு என்றால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது. நான்கு வருடம், ஆங்கில மூலம். யாழ்ப்பாணம், பேராதனையிலும் உண்டு. தெரிவு இசட் புள்ளியில்தான். மாவட்டக் கோட்டா உண்டு, பின்தங்கிய மாவட்டங்களுக்கான மேலதிக 5 வீத இடங்களில் அம்பாறையும் சேர்கிறது. இருந்தாலும் ஒரு சீ, இரண்டு எஸ்ஸுக்கு இது கடினம் என்றே நினைக்கிறேன். அம்பாறை மாவட்டத்தின் கடந்த வருட வெட்டுப்புள்ளியைத் தங்கச்சியின் புள்ளியோடு வைத்துப் பாருங்கள். சிறிய இடைவெளி என்றால் இன்னொரு தடவை பரீட்சை எழுதலாம். பெரிய இடைவெளி என்றால் அந்த வருடத்தை வேறு விதமாகப் பயன்படுத்தலாம்.

அவளுக்கு நான் சொல்வது சுகாதார அமைச்சின் மூன்று வருட டிப்ளோமா. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தாதியர் கல்லூரி இருக்கிறது. கட்டணம் இல்லை, மாதக் கொடுப்பனவு உண்டு. முடித்தால் அரச தாதி உத்தியோகத்தராக நியமனம், அதற்குப் பதிலாகக் குறிப்பிட்ட காலம் சேவை செய்வதாக ஒப்பந்தம் எழுத வேண்டும். பட்டம் இல்லையே என்ற குறையும் வேண்டாம். வேலை செய்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் நேர்சிங் பட்டம் முடித்தவர்கள் நம் வாட்டுகளில் நிறையப் பேர்.

இந்த வழியில் ஒரே தொல்லை காத்திருப்பு. விண்ணப்பம் கோரும் வர்த்தமானி அறிவித்தல் எந்த மாதம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அம்மாவின் கவலை நியாயமானதுதான். வர்த்தமானி வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகும். தங்கச்சி வாரம் ஒருமுறை அதையும் அமைச்சின் இணையத்தளத்தையும் பார்க்கட்டும், முகநூலில் யாரோ பகிரும்வரை இருந்தால் முடிவுத் திகதிக்கு இரண்டு நாள்தான் மிஞ்சும். வயது எல்லை, சாதாரண தரத்தில் எந்தெந்தப் பாடத்துக்குத் திறமைச் சித்தி வேண்டும், எந்த ஆண்டு உயர்தரம் எழுதியவர்களை அழைக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தந்த அறிவித்தலில் உள்ளதுதான் கணக்கு. போன தடவை விண்ணப்பித்த அக்கா சொன்னதை நம்பி இருக்க வேண்டாம்.

காத்திருக்கும் நாளில் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, உயர்தரச் சான்றிதழ் மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது நம் பெயர்களில் 'த'வுக்கு ஒன்றில் ஓர் எழுத்து, இன்னொன்றில் இரண்டு எழுத்து இருக்கும். தகப்பன் பெயர் ஒன்றில் முழுதாக, மற்றதில் முதலெழுத்தாக இருக்கும். அடையாள அட்டையைத் திருத்த இப்போது பிரதேச செயலகத்துக்கு நாலு தரம் அலைவது பரவாயில்லை. நியமனக் கடிதம் வரும் நேரத்தில் அலைவது பெரும்பாடு. நாளைக்கு டேட்டாஃபுளோவுக்கு அனுப்பும்போதும் இதே பெயர்தான்.

முதல் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரசாங்கப் பயிற்சி முடித்தவர்களுக்கு முதல் நியமனம் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலோ அக்கரைப்பற்றிலோதான் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பொலன்னறுவையாகவும் இருக்கலாம், கொழும்பாகவும் இருக்கலாம். அம்பாறை பொது வைத்தியசாலை கிடைத்தாலும் நோயாளியோடு சிங்களத்தில்தான் அதிகம் பேச வேண்டிவரும். அரச சேவையில் இரண்டாம் மொழித் தேர்ச்சியும் கேட்பார்கள். அதனால் அந்த நிறுவனத்துக்குக் கட்ட வைத்திருக்கும் காசில் ஒரு பங்கைப் பேச்சுச் சிங்கள வகுப்புக்கும் ஆங்கிலத்துக்கும் போடுங்கள். என்னைக் கேட்டால் முதலில் சிங்களம்.

தனியார் வைத்தியசாலையில் முதல் வேலை தேடுகிறவர்களுக்கும் ஒரு சொல். சிலர் நேர்முகத்துக்குச் சான்றிதழ் கோவையை அழகாக அடுக்கிக்கொண்டு வருவார்கள். வாட்டுப் பொறுப்புத் தாதி கேட்பது வேறு: "500 மில்லிலீட்டர் சேலைன், நான்கு மணித்தியாலத்தில் போக வேண்டும், ஒரு மில்லிலீட்டருக்கு 20 சொட்டு விழும் செட். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு?" 500ஐ 20ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 42 சொட்டு வரும். கல்குலேட்டர் இல்லாமல் இதைச் சொல்கிற பிள்ளையை அவர்கள் விடமாட்டார்கள். சம்பளம் எவ்வளவு என்பதோடு, இரவு ஷிஃப்டில் வாட்டில் பதிவு பெற்ற மூத்த தாதி ஒருவர் இருப்பாரா என்பதையும் பிள்ளை கேட்க வேண்டும். புதிதாக வந்தவரைத் தனியே இரவில் விடுகிற இடத்தில் சம்பளம் கூட இருந்தாலும் நான் போகச் சொல்ல மாட்டேன். வேலையில் சேரும்போது மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கிறார்களா என்றும் பாருங்கள். பார்வையிட மூலம் காட்டலாம், கையில் கொடுப்பது பிரதி மட்டும்.

அந்த நிறுவனத்தார் திரும்ப அழைத்துக் கழிவு நாளையோடு முடிகிறது என்றால், பேரவையின் அங்கீகாரக் கடிதத்தின் பிரதியை வாட்சப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.