இரவில் கேஸ் வாடை அடித்தால்...

கேள்வி: சமையலறையில் கேஸ் வாடை வந்தால் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடலாமா? டியூப் கசிகிறதா என்று எப்படிப் பார்ப்பது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: போடவே போடாதீர்கள். எரிகிற லைட்டை அணைப்பதும் ஆபத்துதான். சுவிட்சுக்குள் எழும் சிறு பொறியே போதும், தீப்பிடித்துவிடும். சாமி விளக்கு எரிந்தால் அணையுங்கள். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டர் வாயில் பாதுகாப்பு மூடியைப் போடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அதனால் ஜன்னல் மட்டும் போதாது, வாசல் கதவையும் திறக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் வெளியே வந்தபிறகு, கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-க்குப் போன் செய்யுங்கள்.

கசிவு பார்க்கத் தீக்குச்சி கிழிக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். சோப்பு நுரையை டியூபின் இரு முனைகளிலும் தடவுங்கள். குமிழி கிளம்பினால் கசிவு. டியூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், விரிசல் தெரிந்தால் அன்றே.