641 வகுக்கும் 429 கோடி

கேள்வி: 4294967297 பகா எண்ணா? 2, 3, 5, 7, 11, 13 எதனாலும் வகுபடவில்லை. சி நிரலில் கொடுத்தால் 1 என்று காட்டுகிறது. – கல்லூரி மாணவி, கரூர்

பதில்: பகு எண். 641 × 6700417.

நிரல் சொன்ன 1 வேறு கதை. 32 பிட் மாறிக்குள் 4294967295 வரைதான் அடங்கும். உங்கள் எண் 2³² + 1; 2³² வெட்டுப்பட்டு 1 மட்டும் தங்கியது. 64 பிட் மாறியில் வையுங்கள்.

இதன் வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டியது. அதற்குள் 6542 பகா எண்கள் உண்டு. அத்தனையும் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. p என்ற பகா எண் இதை வகுத்தால், p-ஆல் வகுக்கும்போது 2³² தரும் மீதி −1 (அதாவது 1 குறைகிறது; p − 1 என்றும் சொல்லலாம்). எனவே 2⁶⁴ தரும் மீதி 1. அதற்கு முந்தைய எந்த அடுக்கும் 1 தராது. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி 2-இன் p − 1 ஆம் அடுக்கும் மீதி 1 தரும். ஆகவே p − 1 என்பது 64-இன் மடங்காக வேண்டும். அந்த வரிசையில் உள்ள பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே விடை! 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய் 1 கூட்டினால் வரும் எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று 1640 வாக்கில் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார்; 1732-இல் கணிதர் ஆய்லர் இந்தக் காரணியைக் காட்டினார். பிறகு கணிதர் லூக்காஸ் 64-ஐ 128 ஆக்கினார்: p − 1 என்பது 128-இன் மடங்காகவே இருக்கும் என்று காட்டினார். அப்போது 641-க்கு முன் மிஞ்சுவது 257 மட்டும்.

வகுக்காமலே சரிபார்க்கும் வழி எனக்கு மிகப் பிடித்தது. 641 = 5 × 2⁷ + 1; அதே 641 = 5⁴ + 2⁴. முதலாவதன்படி 641-ஆல் வகுத்தால் 5 × 2⁷ தரும் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ தருவது 1. இரண்டாவதன்படி 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். −2³² தரும் மீதி 1 என்றாகிறது. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும்.

6700417 பகா எண்தானா? அதன் காரணி எதுவும் பெரிய எண்ணின் காரணியும் ஆகும். 128-இன் மடங்கோடு 1 கூடியதாகவே இருக்கும். வர்க்கமூலம் 2588 சொச்சம். பார்க்க வேண்டியவை 257, 641, 769, 1153, 1409. மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. எனவே பகா எண்தான்.

கேள்வி: 4294967297-க்கு 2-ஐ அடிமானமாக வைத்து ஃபெர்மா சோதனை செய்தேன். பகா எண் என்றே வருகிறதே? – கணித ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: வரத்தான் செய்யும். அடிமானத்தின் N − 1 ஆம் அடுக்கை N-ஆல் வகுத்து மீதி 1 வருகிறதா என்று பார்ப்பதே அந்தச் சோதனை; N பகா எண் என்றால் 1 வந்தாக வேண்டும். இங்கே N என்பது 4294967297; N − 1 என்பது 2³². அது 64-இன் மடங்கு. N-ஆல் வகுத்தால் 2³² தரும் மீதி −1, 2⁶⁴ தரும் மீதி 1 என்பதால் 2-இன் N − 1 ஆம் அடுக்கும் 1 தரும். பகு எண்ணாக இருந்தும் சோதனையில் தேறுவதால் இது 2-க்குப் போலிப் பகா எண். அடிமானத்தை 3 ஆக்குங்கள், 1 வராது.

கேள்வி: 4294967297 வேறு எந்த வகைகளில் சேரும்? – வாசகர், மதுரை

பதில்: இரண்டே பகாக் காரணிகள் கொண்ட அரைப்பகா எண். தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் 1 + 641 + 6700417 = 6701059; இது எண்ணைவிடச் சிறியது, எனவே குறைவு எண். இரு வர்க்கங்களின் கூடுதலாக இரண்டு விதமாகப் பிரியும்: 65536² + 1², 62264² + 20449². ஒற்றைப்படைப் பகா எண் ஒரு விதத்துக்கு மேல் அப்படிப் பிரியாது; பகு எண் என்பதற்கு இதுவே தனிச் சான்று.